சுவரில் எழுதப்பட்ட சமூக வரலாறு: தோமஸ் ஹார்ட் பென்ரனின் கலைப்பணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசூரி மாநிலத்தின் தலைநகர் ஜெபர்சன் சிற்றியாகும். அங்குள்ள சட்டசபைக் கட்டடத்திலே, மக்கட் பிரதிநிதிகள் அமர்வுகளுக்கிடையே கூடியிருந்து உரையாடுவதற்கென ஒதுக்கப்பட்ட மண்டபமொன்று உண்டு. 1936ஆம் ஆண்டு முடிவுறும் வேளையில் அம்மண்டபத்தின் சுவர்களைப் புதியதோர் ஓவியம் நிறைத்திருந்தது. மாநிலத்தின் வரலாற்றை வரைந்தளிக்குமாறு சட்டசபையே ஓவியரைப் பணித்து, அதற்கென 16,000 டொலரையும் ஒதுக்கியிருந்தது. வரலாறு எனும்போது பிரதிநிதிகள் எதிர்பார்த்தது ஆளுநர்களையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையுமே. அவர்கள் கண்டதோ வேறு. சாராயத்தைக் கொடுத்துச் செவ்விந்தியனிடம் பண்டம் பெறும் வணிகன். சவுக்கடி படும் அடிமை. விரட்டப்படும் மோர்மன் மதத்தவர். புகையிரதத்தைக் கொள்ளையிடும் ஜெஸி ஜேம்ஸ் கூட்டத்தினர். அரசியற் பேச்சாளன் முழங்கிக்கொண்டிருக்க, அதனைச் சற்றும் பொருட்படுத்தாது குழந்தையின் ஈரத்துணியை மாற்றும் தாய். இவற்றுக்கு மேலாக, கன்சாஸ் சிற்றி நகரின் அரசியலை அந்நாளில் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த தொம் பென்டர்காஸ்ற் என்பவரும் கூட்டமொன்றில் அமர்ந்திருப்பவராகச் சுவரில் இடம்பெற்றிருந்தார்.

பிரதிநிதிகள் பலர் சினங்கொண்டனர். ஓவியத்தின் மீது வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற குரலும் எழுந்தது. முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய பேர்ஷிங் மிசூரியின் மைந்தராயிற்றே, அவர் எங்கே எனக் கேட்டவர் உளர். வெள்ளையடிப்பு நிகழவில்லை. மூன்றாண்டுகளின் பின், 1939இல், வருமானவரி மோசடிக் குற்றத்துக்காகப் பென்டர்காஸ்ற் சிறை சென்றார். சுவரில் மட்டும் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

இவ்வோவியத்தைத் தீட்டியவர் தோமஸ் ஹார்ட் பென்ரன். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சுவரோவியரிடையே பெரிதும் போற்றப்பட்டவரும் அவரே. பெரிதும் ஏசப்பட்டவரும் அவரே. அவருடைய கலைவாழ்வை ஆராயுமிடத்து மீண்டும் மீண்டும் ஒரு வினா எழுவதைக் காணலாம். பொதுச்சுவரில் எழுதப்படும் வரலாறு எவருடைய வரலாறு? அதனைத் தினமும் பார்க்க வேண்டியவர்க்கு அதில் என்ன உரிமை? இவ்வினாவுக்குப் பென்ரன் தம் தூரிகையால் ஒரு விடை கூறினார். அவ்விடை முழுமையானதா என்பது வேறு விடயம்.

அவர் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி மிசூரி மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள நியோஷோ எனுஞ் சிற்றூரிற் பிறந்தார். அவருக்கு இடப்பட்ட பெயரே அரசியற் பெயராகும். மிசூரி மாநிலம் முதன்முதலாக மத்திய செனற் சபைக்கு அனுப்பிய இருவருள் ஒருவரான பழைய தோமஸ் ஹார்ட் பென்ரன், ஓவியரின் முப்பாட்டனாரின் தலைமுறையைச் சேர்ந்த உறவினர். தந்தையார் மேசீனஸ் பென்ரன் சட்டத்தரணி. 1897 முதல் 1905 வரை காங்கிரஸ் உறுப்பினர். ஆகவே தேர்தற் கூட்டங்களும் மேடைப் பேச்சுக்களும் தொண்டர்தம் ஆரவாரமும் சிறுவயதிலேயே பென்ரனுக்குப் பழக்கமாயின. தந்தை மகனைச் சட்டத்துறைக்கும் அரசியலுக்கும் உரியவனாக்க விரும்பினார். மகனோ சித்திரம் எழுதுவதிலேயே நாட்டங்கொண்டான். பதினேழாவது வயதில் ஜொப்ளின் நகரப் பத்திரிகையொன்றிற் கேலிச்சித்திரக்காரனாகத் தொழில் தொடங்கியமை தந்தைக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. எனினும் மிசூரிச் சுவரிலே முழங்கும் அரசியற் பேச்சாளனுக்கு ஓவியர் தந்தையின் முகத்தையே கொடுத்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சிக்காகோவில் ஓராண்டுக்கு மேல் பயின்றபின் 1908இல் அவர் பாரிஸ் சென்றார். அக்காலப் பாரிஸ் நகரிலே ஓவியக்கலை தலைகீழாகிக்கொண்டிருந்தது. செசானின் வழி, வர்ணத்தையே வடிவமாகக் கொள்ளும் பரிசோதனைகள், கனவடிவவாதம் என ஒவ்வொன்றையும் பென்ரன் முயன்று பார்த்தார். பின்னாளில் மெக்சிக்கோவின் பெருஞ் சுவரோவியராகப் புகழ்பெற்ற டியேகோ றிவேராவையும் அங்கேதான் சந்தித்தார். தாயகம் மீண்டு நியூயோர்க்கிற் குடியேறிய பின்னரும் சில காலம் நவீன பாணியிலேயே தீட்டினார். அக்காலத்து ஓவியங்களைப் பார்ப்போர் அவற்றிற் பிறர் குரல்களையே கூடுதலாகக் கேட்பர். பென்ரன் என்ற தனித்துவமிக்க கலைஞர் இன்னும் தோன்றவில்லை.

திருப்பம் எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது. 1918இல் கடற்படையிற் சேர்ந்து வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் தளத்திற் பணியாற்றினார். கப்பல்களையும் தளத்தின் வேலைகளையும் உள்ளவாறே வரைவது அவருக்கு இடப்பட்ட பணி. கொள்கை பேச அங்கே இடமில்லை. பாரந்தூக்கியும் கப்பற்கூடும் வியர்வை சிந்தும் மனிதருமே கண்முன் இருந்தனர். கண்ணாற் காண்பதிலே ஓவியத்துக்குப் போதிய பொருள் உண்டென அவர் உணர்ந்தது அங்கேதான். போர் முடிந்ததும் அமெரிக்காவின் வரலாற்றைத் தொடர் ஓவியங்களாகத் தீட்டும் பாரிய திட்டமொன்றைத் தொடங்கினார். எவரும் அதனை வேண்டவில்லை. அதற்கெனச் சுவரும் இருக்கவில்லை. சுவரில்லாச் சுவரோவியங்களாகப் பத்துக்கு மேற்பட்டவற்றை 1920களில் அவர் எழுதினார். குடியேற்றம், சுதேசிகளை நிலத்தினின்றும் விரட்டியமை, அடிமைமுறை என்பன அவற்றின் பொருளாயின. வெற்றிமாலை சூட்டும் பாடநூல் வரலாற்றுக்கு இவை மாறானவை.

1924இல் தந்தையார் மரணப்படுக்கையிலே கிடந்தார். நெடுங்காலம் விலகியிருந்த மகன் மிசூரிக்குத் திரும்பித் தந்தையின் பழைய நண்பர்களுடன் பேசியிருந்தான். தான் விட்டுச்சென்ற மக்களின் பேச்சும் நடையும் அவனை மீண்டும் பற்றிக்கொண்டன. அதன்பின் ஆண்டுதோறும் கோணிப்பையும் வரைபுத்தகமுமாகத் தென் மாநிலங்களிலும் மேற்கிலும் பென்ரன் அலைந்து திரிந்தார். பருத்தித் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், உருக்காலை, எண்ணெய்க் கிணற்றூர், வழிபாட்டுக் கூட்டம் யாவற்றையும் அவ்விடத்திலேயே பென்சிலால் வரைந்துகொண்டார். பின்னர் சுவரிலேறிய மாந்தருட் பலர் இவ்வரைபுத்தகங்களிலிருந்து எழுந்து வந்தோரே.

1930இல் உண்மையான சுவர் கிடைத்தது. நியூயோர்க்கிலே சமூக ஆய்வுக்கான புதிய கல்லூரி தனக்குப் புதுக் கட்டடம் அமைத்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர் அல்வின் ஜோன்சன் இரு ஓவியரை அழைத்தார். ஒருவர் மெக்சிக்கரான ஒறொஸ்கோ, மற்றவர் பென்ரன். கூலி கொடுக்கப் பணமில்லை. வர்ணம் குழைப்பதற்கு வேண்டிய முட்டைகளின் செலவை மட்டும் கல்லூரி ஏற்றுக்கொண்டது. பென்ரன் மஞ்சட்கருவிற் குழைத்த வர்ணத்தையே பயன்படுத்தியமையின் முட்டைச் செலவு சிறிதன்று எனக் கொள்ளலாம். ‘இன்றைய அமெரிக்கா’ எனப் பெயர்பெற்ற அத்தொகுதி பத்துப் பலகைகளைக் கொண்டது. தென்னாட்டுப் பருத்தி, மத்திய மேற்கின் தானியம், நிலக்கரி, உருக்கு, நகர நிர்மாணம், சுரங்கப் புகையிரதம், நடனசாலை, குத்துச்சண்டை மேடை என ஒரு நாட்டின் உழைப்பும் களிப்பும் அறையின் நான்கு புறமும் சூழ்ந்து நின்றன. உருக்காலைத் தொழிலாளியின் உருவுக்கு மாதிரியாக நின்றவர் பென்ரனின் மாணவரான ஓர் இளைஞர். அவர் பெயர் ஜக்சன் பொலொக். பொருளாதார மந்தம் முற்றிய நிலையில் பத்தாவது பலகையைப் பென்ரன் கதவுக்கு மேலே சேர்த்தார். அதில் முகங்கள் முக்கியமல்ல. பாணுக்கும் கோப்பிக்குமாக நீளுங் கைகளும், பணத்தைப் பற்றியிருக்கும் கைகளுமே உள்ளன. ஒன்பது பலகைகளின் உற்சாகத்தை இச்சிறு பலகை கேள்விக்குள்ளாக்குகிறது. இத்தொகுதி 2012இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு அன்பளிப்பாகச் சென்றது.

அவருடைய வேலைமுறையை இங்கு சிறிது விரித்துக் கூறுதல் தகும். சுவரில் நேரே கைவைப்பவரல்லர் அவர். முதலிற் களிமண்ணால் உருவங்களைச் சமைத்து, மேடைபோல் அடுக்கி, ஒளியைப் பாய்ச்சி, நிழல் விழும் முறையை அவதானிப்பார். பதினாறாம் நூற்றாண்டின் வெனிஸ் ஓவியரான தின்ரொறெற்றோ இவ்வாறு செய்ததாகக் கூறுவர். பின்னர் அதனைச் சித்திரமாக்கி, கட்டமிட்டுப் பெருப்பிப்பார். அவருடைய மாந்தர் தசை முறுகி, வளைந்து, காற்றில் அலைவோர்போலத் தோன்றுவதற்கு இக்களிமண்ணே ஓரளவு காரணம் எனலாம். ஒரு காட்சியினின்றும் மறு காட்சிக்கு இடையில் எல்லைக்கோடு இராது. புகை, தூண், சுவர்மூலை, புகையிரதத்தின் பெட்டி ஆகியவற்றுள் ஒன்றே ஒரு காலத்தை முடித்து மற்றொரு காலத்தைத் தொடங்கிவைக்கும். இந்த உத்தி பார்வையாளனை நிற்கவிடுவதில்லை, நடக்கவைக்கிறது. சுவரோவியம் நடந்து பார்க்கப்படும் கலை என்பதைப் பென்ரன் நன்கறிந்திருந்தார்.

1932இல் விற்னி நூதனசாலையின் நூலகத்துக்கு ‘அமெரிக்க வாழ்வின் கலைகள்’ என்ற தொகுதியை வரைந்தார். கலைகள் எனும்போது அவர் கருதியது வீணர்களின் கலையை அன்று. குதிரை பழக்கல், சீட்டாட்டம், தேவாலயப் பாடல், ஆட்டம், தெருப்பாட்டு இவையே அவர் காட்டிய கலைகள். இடதுசாரி ஓவியரும் மாணவரும் இத்தொகுதியைக் கடுமையாகத் தாக்கினர். கறுப்பினத்தவரைப் பாடுவோராகவும் ஆடுவோராகவும் சூதாடிகளாகவும் மிகைப்படுத்திக் காட்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 1935இல் ஓவியர் ஸ்ருவாட் டேவிஸ் அதனை இன்னுங் கடுமையாக எழுதினார். இக்குற்றச்சாட்டை முற்றாக மறுத்தல் இயலாது. பென்ரன் எல்லோரையும் மிகைப்படுத்தினார் என்பது மெய்யே. வெள்ளை விவசாயியின் தாடையும் அவர் கையில் நீண்டுதான் போயிற்று. ஆயின் நூறாண்டுக் காலம் கேலிச்சித்திரத்தால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு அம்மிகை வேறு பொருள் தருகிறது. மிகையைச் சமமாகப் பங்கிட்டதனால் நீதி சமமாகிவிடாது.

இடதுசாரிகளுடன் அவர் கொண்ட உறவு எப்பொழுதும் இத்தகைய பகைமையாக இருக்கவில்லை என்பதையுங் கூறவேண்டும். 1920களில் மார்க்சிய வட்டங்களுடன் நெருங்கியிருந்தவர் அவர். பின்னாளில் ‘மன்த்லி றிவியூ’ சஞ்சிகையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான லியோ ஹியூபர்மன் எழுதி 1932இல் வெளிவந்த அமெரிக்க மக்கள் வரலாற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்தவரும் பென்ரனே. உழைக்கும் மக்களே வரலாற்றை ஆக்குவோர் என்பதில் இரு சாராரும் உடன்பட்டனர். அதற்கப்பாற் பிரிந்தனர். டிற்றொயிற் நகரிலே றிவேரா தீட்டிய சுவரில் இயந்திரமும் தொழிலாளியும் முதலாளியும் ஒன்றோடொன்று பிணைந்த ஓர் அமைப்பாகத் தெரிகின்றனர். பென்ரனின் சுவரிலோ அவர்கள் அக்கம்பக்கத்தவராகத் தெரிகின்றனர். சவுக்கும் அறுவடையும் தேர்தற் கூட்டமும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒன்றினால் மற்றொன்று ஏன் விளைந்தது என்பதைப் பார்வையாளனே ஊகித்துக்கொள்ள வேண்டும். இது அவருடைய குறைபாடு. அதே சுவரில் தலைவனும் இல்லை, மீட்பனும் இல்லை என்பதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

1933ஆம் ஆண்டு சிக்காகோவிலே பெருங் கண்காட்சி நடைபெற்றது. ஒவ்வொரு மாநிலமும் தன் பெருமையைக் காட்சிக்கு வைக்க முனைந்தது. இந்தியானா மாநிலத்தின் சார்பிற் பொறுப்பேற்றிருந்த கேணல் றிச்சட் லீபர் என்பவர், சரக்குகளை அடுக்குவதை விடுத்து, மாநிலத்தின் முழு வரலாற்றையும் ஓவியமாக்கத் தீர்மானித்துப் பென்ரனை அழைத்தார். பென்ரன் மாநிலமெங்கும் சுற்றித் திரிந்து வரைபடங்கள் சேர்த்தார். பன்னிரண்டடி உயரமும் ஏறத்தாழ 250 அடி நீளமும் கொண்ட இருபத்திரண்டு பலகைகளைச் சில மாதங்களுக்குள் எழுதி முடித்தார். ஒரு வரிசை தொழில் வளர்ச்சியையும், எதிர்வரிசை பண்பாட்டு வளர்ச்சியையும் கூறின. மண்மேடுகளை எழுப்பிய ஆதிமக்களிலிருந்து 1930களின் பொருளாதார மந்தம் வரை கதை சென்றது.

இந்தியானாவின் அண்மைக்கால வரலாற்றில் எவரும் பேச விரும்பாத அத்தியாயம் ஒன்றிருந்தது. 1920களிலே கூ கிளக்ஸ் கிளான் எனும் வெள்ளை இனவெறி இயக்கம் அம்மாநிலத்தில் இலட்சக்கணக்கானோரை உறுப்பினராகக் கொண்டிருந்தது. ஆளுநரிலிருந்து நகரசபைகள் வரை அதன் செல்வாக்குப் பரவியது. அங்கு அதன் தலைவராயிருந்த ஸ்ரீவென்சன் 1925இல் கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டபின்னரே அதன் வலிமை குன்றலாயிற்று. அரசாங்கத்தில் அவ்வியக்கத்தின் ஊடுருவலை அம்பலப்படுத்தியமைக்காக ‘இந்தியானாபொலிஸ் டைம்ஸ்’ பத்திரிகைக்கு 1928இல் புலிற்சர் பரிசு வழங்கப்பட்டது. அதிலிருந்து ஐந்தாண்டுகளே கழிந்த நிலையில், உலகமே வந்து பார்க்கும் கண்காட்சியில் இவ்விழுக்கைக் காட்டலாகாது என அரசியல்வாதிகள் எதிர்த்தனர். பென்ரன் இணங்கவில்லை. நடந்ததை நீக்கிவிட்டுச் சமூக வரலாறு எழுத முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

அப்பலகையை அவர் அமைத்த விதம் நுணுகி நோக்கத்தக்கது. முன்னணியில் வெண்ணுடை அணிந்த தாதியொருத்தி கறுப்பினக் குழந்தையையும் வெள்ளைக் குழந்தையையும் பராமரிக்கிறாள். மறுபுறம் பத்திரிகையாளன் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருக்கிறான். புகைப்படக்காரனும் அச்சுத் தொழிலாளியும் உடன் நிற்கின்றனர். சேர்க்கஸ் கலைஞர்களும் உளர். பின்னணியிலே, சிறிய உருவினராய், வெள்ளை முகமூடி அணிந்தோர் எரியுஞ் சிலுவையின் கீழ் நாட்டின் கொடியுடன் கூடியிருக்கின்றனர். வெறியர் சிறியர், பணிபுரிவோர் பெரியர். கிளானை வீழ்த்தியது பத்திரிகை. அதனை மீறி நிற்பது தாதியின் கை. உருவங்களின் அளவிலேயே ஓவியரின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

கண்காட்சி முடிந்ததும் இப்பலகைகள் கவனிப்பாரற்றுக் களஞ்சியத்திற் கிடந்தன. 1938இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் தலைவராகிய ஹேர்மன் வெல்ஸ் அவற்றைக் கேட்டுப் பெற்றார். 1940-41இல் அவை புளூமிங்டன் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திற் பொருத்தப்பட்டன. பென்ரனே நேரில் வந்து செப்பனிட்டுக் கொடுத்தார். பெரும்பாலானவை புதிய பேரரங்கின் மண்டபத்துக்குச் சென்றன. இடம் போதாமையால் எஞ்சியவற்றைப் பிற கட்டடங்களிற் பகிர்ந்து வைத்தனர். அவ்வாறு கிளான் இடம்பெற்ற பலகை, பின்னாளில் வுட்பேர்ண் மண்டபம் எனப் பெயர்பெற்ற கட்டடத்தின் பெரிய விரிவுரை அறைக்குச் சென்றது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. சுவர் இருந்த இடத்திற் படம் மாட்டப்பட்டது. அதன் விளைவைப் பின்னர் நோக்குவோம்.

1934ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி வெளிவந்த ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் பென்ரன் தம்மைத் தாமே தீட்டிய உருவம் வெளியாயிற்று. அயோவாவின் கிறான்ற் வூட், கன்சாஸின் ஜோன் ஸ்ருவாட் கறி ஆகியோருடன் இணைத்துப் பிராந்தியவாத ஓவியர் என அவரை உலகம் அழைக்கலாயிற்று. எமது விமரிசகர் மண்வாசனை எனச் சுட்டும் பண்பை ஓவியத்திற் கொண்டுவந்தவர்கள் இவர்கள் எனலாம். அப்பண்புக்குரிய ஆபத்தும் அவர்களைத் தொடர்ந்தது. தன் மண்ணைப் போற்றத் தொடங்குபவன் பிறர் மண்ணை இகழத் தொடங்குவது எளிது. 1935இல் நியூயோர்க்கைத் துறந்து கன்சாஸ் சிற்றி கலை நிறுவகத்தில் ஆசிரியப் பணியேற்ற பென்ரன், தாம் நீங்கிய நகரின் கலையுலகைத் தூற்றுவதில் அளவு கடந்தார். 1941இல் நூதனசாலை நிருவாகிகளைப் பற்றியும் தன்பாலின உறவினரைப் பற்றியும் பத்திரிகையாளரிடம் அவர் இழிவாகப் பேசியமை நிறுவகத்தினின்றும் அவர் நீக்கப்படுவதற்குக் காரணமாயிற்று. சாதாரண மக்களுக்காகச் சுவரில் இடம் தேடிய ஒருவர் ஒரு சாராரை மனிதராகவே மதியாது பேசியமை மன்னிக்கத்தக்கதன்று. அவருடைய அபிமானிகள் இதனை ‘வாய்த்துடுக்கு’ என்று கடந்துவிடுவர். அஃது அவ்வளவு சிறிய விடயமன்று.

இரண்டாம் உலகப் போரின்போது நாசிசத்துக்கும் யப்பானிய இராணுவ வெறிக்கும் எதிராக அவர் தீட்டிய பிரசார ஓவியங்கள் பெருந்தொகையாக அச்சிடப்பட்டுப் பரவின. கலை என்ற வகையில் அவை அவருக்குப் பெருமை சேர்ப்பன அல்ல. போர் முடிந்ததும் காலம் அவரைக் கடந்து சென்றது. விந்தை என்னவெனில், கடந்து சென்றவர்களின் முன்னணியில் நின்றவர் அவர் வளர்த்த மாணவரே. 1930இல் பென்ரனிடம் வந்து சேர்ந்து, அவர் வீட்டுப் பிள்ளைபோல் உண்டு உறங்கிய பொலொக், உருவத்தையே துறந்து வர்ணத்தைச் சொட்டவும் வீசவுமானார். எதிர்த்துத் தள்ளுவதற்கு ஓர் உரமான ஆசானாகப் பென்ரன் அமைந்தார் என்ற கருத்தைப் பொலொக் பின்னர் வெளியிட்டுள்ளார். ஆயினும் 1920களின் பிற்பகுதியில் சித்திர அமைப்புப் பற்றிப் பென்ரன் வெளியிட்ட கட்டுரைகளில் வரும் சுழல்வு, எதிர்ச்சுழல்வு பற்றிய விளக்கப்படங்களையும் பொலொக்கின் பெரிய கன்வசுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு உறவு புலப்படாமற் போகாது.

பிற்காலத்தில் அவர் தீட்டிய சுவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்டிபென்டன்ஸ் நகரிலே சனாதிபதி ட்ரூமனின் நினைவு நூலகத்துக்கு 1959 முதல் 1961 வரை மேற்கு நோக்கிய குடியேற்றத்தைத் தீட்டினார். முன்னாட் சனாதிபதியே சாரத்தில் ஏறி வானத்திற் சிறிது நீலம் பூசினார் என்பர். கைத்திறன் குறையவில்லை, ஆயின் சினம் குறைந்துவிட்டது. 1936ஆம் ஆண்டின் சுவர் எவரையேனும் உறுத்தியது. 1961ஆம் ஆண்டின் சுவரை ஒருவரும் வெள்ளையடிக்க விரும்பியிரார்.

இறுதிப் பணி அவரைத் தம் தொடக்கத்துக்கே இட்டுச்சென்றது. நாஷ்வில் நகரத்து நாட்டார் இசை நிறுவனம் அவ்விசையின் ஊற்றுக்களை வரைந்து தருமாறு வேண்டியது. பிடில் வாசிப்போர், மலைநாட்டுப் பெண்கள், தேவாலயப் பாடகர், பான்ஜோ மீட்டும் கறுப்பினத்தவர், மாட்டிடையன், பின்னே விரையும் நீராவிப் புகையிரதம் என நாற்பதாண்டுகளுக்கு முன் அவர் வரைபுத்தகத்தில் இருந்தோர் மீண்டும் கூடினர். எண்பத்தைந்து வயதிலும் புகையிரத இயந்திரத்தின் உறுப்புக்கள் சரியாக உளவோ என ஆராய்ந்துகொண்டிருந்தார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி மாலை, முடிந்துவிட்டதா எனப் பார்ப்பதற்காகக் கன்சாஸ் சிற்றியிலுள்ள தம் ஓவியக்கூடத்துக்குச் சென்றவர் அங்கேயே மாரடைப்பால் இறந்தார். ஓவியத்தில் அவருடைய கையொப்பம் இல்லை.

அவர் மறைந்த பின்னரும் புளூமிங்டன் விரிவுரை அறையிலே வழக்குத் தொடர்ந்தது. அவ்வறையில் நூற்றுக்கணக்கான மாணவர் பாடங் கேட்பர். பாடம் வேதியியலாயிருக்கலாம், பொருளியலாயிருக்கலாம். பக்கச் சுவரில் முகமூடிகளும் எரியுஞ் சிலுவையும் இருக்கும். கறுப்பின மாணவர் பல தலைமுறைகளாக இதனை எதிர்த்து வந்தனர். பல்கலைக்கழகத்தின் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: ஓவியம் கிளானைப் போற்றவில்லை, கண்டிக்கிறது, வரலாற்றை மறைத்தல் தவறு. இவ்விடை முற்றிலும் உண்மை. மாணவரின் முறைப்பாடும் முற்றிலும் உண்மை. பென்ரனின் தீர்ப்பு உருவங்களின் அமைப்பில் உள்ளது. அதனை உணர்வதற்கு ஓவியத்தை வாசிக்க வேண்டும், 1920களின் இந்தியானாவை அறிந்திருக்க வேண்டும். முகமூடியை உணர்வதற்கு எந்த வாசிப்பும் வேண்டியதில்லை. தன் பாட்டனை அச்சுறுத்திய உருவத்தின் கீழ் அமர்ந்து குறிப்பெடுக்கும் மாணவனிடம், பின்னணியில் இருப்பது சிறியது எனக் கூறுதல் போதிய ஆறுதலாகாது. கலைக்கூடத்துக்குச் செல்பவன் தானே விரும்பிச் செல்கிறான். விரிவுரைக்குச் செல்லும் மாணவனுக்கு அத்தெரிவு இல்லை.

1933இல் அப்பலகையை அகற்றக் கோரியோர் தம் அவமானத்தை மறைக்க விரும்பிய ஆளும் வர்க்கத்தினர். பின்னாளில் அதே கோரிக்கையை எழுப்பியோர் அவ்வியக்கத்தால் வேட்டையாடப்பட்டோரின் வழித்தோன்றல்கள். கோரிக்கையின் சொற்கள் ஒன்றாயினும் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் வரலாற்றுணர்வாகாது. பென்ரன் முன்னவர்களுக்கு எதிராகத் தீட்டினார். பின்னவர்களை அவர் நினைத்துப் பார்த்தாரா என்பதே ஐயம். உழைப்பாளர், விவசாயி, தாதி, பத்திரிகையாளன் ஆகியோர் சுவரில் இருந்தனர். சுவரின் முன் ஒரு நாள் யார் யார் அமர்வர் என்பது அவர் கணக்கில் இருக்கவில்லை.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வேர்ஜீனியாவின் சார்லற்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர் தீப்பந்தங்களுடன் ஊர்வலம் சென்றதைத் தொடர்ந்து புளூமிங்டனில் மனுக்கள் பெருகின. செப்ரெம்பர் மாத இறுதியில் பல்கலைக்கழக நிருவாகம் தன் முடிவை அறிவித்தது. மஞ்சட்கரு வர்ணத்தாலான அப்பலகைகள் நொய்ந்துள்ளமையால் அவற்றைப் பெயர்த்தெடுத்தல் சேதம் விளைக்கும். ஆகவே ஓவியம் இருந்த இடத்திலேயே இருக்கும். விரிவுரைகள் வேறு அறைகளுக்கு மாற்றப்படும். அவ்வாறே மாணவர் வெளியேற, தாதியும் குழந்தைகளும் தட்டச்சுப் பொறியும் முகமூடிகளும் அவ்வறையிலேயே நின்றுவிட்டன.